குற்றாலிங்கம் பீக்

மார்ச் 3, திங்கள்

தலைமுடி காயாததால் இன்று எனக்கு ஏ.சி. அறைக்குள் அனுமதி இல்லை. குற்றாலிங்கம் சார் வாசலிலேயே என்னை நிறுத்தி, பின்னலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயில்ல நின்னுட்டு வா. ஒன் தலையில இருக்க தண்ணியெல்லாம் என் கருவிக்குள்ள வந்து உக்காரும்" என்றார். கல்லூரிக் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் போய் நின்று காய்ந்தேன். முதலாமாண்டுப் பிள்ளைகள் ஏதோ தண்டனை என்று நினைத்துப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு முப்பத்து நாலு வயது. ஆராய்ச்சி மாணவி. அந்தச் சொல்லில் இருக்கிற 'மாணவி' எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் கணவர் கிளீட்டஸுக்குத் துறைமுகத்தில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். அவர் கிரேன் ஓட்டுகிறார். எழுத ஒன்றுமில்லை என்று என்னிடம் தந்துவிட்டார். மே மாதக் கடைசி வரை எழுதுவதாக உத்தேசம். அன்றைக்கு சார் ஓய்வு பெறுகிறார். அதற்குள் என் ஆய்வேட்டின் சுருக்கத்தில் அவர் கையெழுத்து விழவேண்டும். விழாவிட்டால் புது வழிகாட்டி, புதுத் தலைப்பு, மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு அந்த ஒரு கையெழுத்துதான் வேண்டும். மற்றபடி சாருக்கும் எனக்கும் ஒரு ஒட்டும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

நான் என்னதான் செய்கிறேன் என்று கிளீட்டஸ் இன்று கேட்டார். கல்யாணமாகி இவ்வளவு நாளுக்குப் பிறகு கேட்டதே பெரிது. சொன்னேன். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதை ஒரு திரவத்துக்குள் விட்டால், மூலக்கூறுகள் தங்கள் அதிர்வுக்கு ஏற்ற ஒளியை மட்டும் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடமெல்லாம் வரைபடத்தில் கீழ்நோக்கிப் பள்ளமாக விழும். பார்க்கப் பள்ளம், நாங்கள் சொல்வது பீக். ஒரு மூலக்கூறு இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டால் அதிர்வு தளர்ந்துபோய், பீக் இடம் மாறும். ஆக, யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஒளியை வைத்து வேவு பார்ப்பது எங்கள் வேலை.

"எங்க தெருவுல இந்த வேலைய ஒளி இல்லாமலே செய்யுதாங்க" என்றார்.

இந்த வேவுக்கு எங்களிடம் இருப்பவை இரண்டு உப்பு வில்லைகள். கண்ணாடி இந்த ஒளியைத் தடுத்துவிடும், உப்பு விட்டுவிடும். ஆகவே உப்பைக் கண்ணாடி போலப் பட்டை தீட்டி, அவற்றுக்கு நடுவே திரவத்தை வைக்கிறோம். ஊருக்கு வெளியே உப்பு மலைமலையாகக் குவிந்து ஓலை மூடிக் கிடக்கிறது. நாங்கள் வெளிநாட்டிலிருந்து உப்பு வரவழைத்து, அதன் பக்கத்தில் மூச்சு விடாமல் நடக்கிறோம். தூத்துக்குடிக் காற்றில் வைத்தால் அரை நாளில் பூத்துப்போய் கண்புரை விழுந்த மாதிரி ஆகிவிடும்.

சாருடைய புகழெல்லாம் ஒரே ஒரு பீக். 1993-ல், அவருக்கு இருபத்தெட்டு வயதில், ஒரு ஆல்கஹாலையும் ஒரு அமீனையும் கலந்தபோது 3690 என்ற இடத்தில் யாரும் அதுவரை பொருட்படுத்தாத ஒரு சின்னப் பள்ளத்தைக் கண்டார். இரண்டும் இதுவரை தெரியாத ஒரு முறையில் கைகோத்திருக்கின்றன என்று எழுதினார். ஒரு ஜெர்மன்காரர் தன் புத்தகத்தில் 'குற்றாலிங்கம் பீக்' என்று அடிக்குறிப்பு போட்டார். அந்தப் பக்கம் சட்டம் போட்டு எங்கள் துறை வாசலில் தொங்குகிறது. பிள்ளைகள் 'குற்றாலிங்கம் பள்ளம்' என்பார்கள், சார் இல்லாதபோது.

மார்ச் 12, புதன்

அமீன் தீர்ந்துவிட்டது. மூடி முத்திரையோடு வந்திருந்த புதுப் பாட்டிலை உடைத்தேன். எல்லாம் வழக்கம்போல. ஆனால் 3690-ல் ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட தரை மாதிரி இருந்தது.

கருவியில் கோளாறு. வேறென்ன?

மார்ச் 13, வியாழன்

கருவியில் கோளாறு இல்லை.

மத்தியானம் சாப்பிடப் போகும்போது புதுப் பாட்டிலின் மூடியைத் திறந்து, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துப் பார்த்தால் 3690-ல் பள்ளம், அட்சரசுத்தமாக. பிறகு ஆல்கஹாலே சேர்க்காமல் வெறும் அமீனை மட்டும் கரைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே பள்ளம்.

ஆல்கஹால் இல்லாமலே ஆல்கஹாலின் கைகோத்தல் தெரிகிறது. ஆக, அது ஆல்கஹால் இல்லை. அது தண்ணீர். அமீன் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சாதி. சார் எல்லா வாசலையும் அடைத்தார், என் தலைமுடி உட்பட. தண்ணீர் பாட்டிலுக்குள் முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன்காரரின் அடிக்குறிப்பில் இருப்பது எங்கள் ஊர்க் கடல்காற்று.

வீட்டுக்குப் போனதும் கிளீட்டஸ் மூக்கைச் சுளித்து, "நீ லேபுக்குப் போனியா, மீன் ஏலக்கூடத்துக்குப் போனியா?" என்றார். அமீன் கருவாடு மாதிரி நாறும். இரண்டு தடவை குளித்தேன். சாரிடம் நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லவில்லை. சாருக்குப் பல்வலி.

மார்ச் 18, செவ்வாய்

பல்வலி சரியாகிவிட்டது. ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை.

மார்ச் 27, வியாழன்

சார் இன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். உற்சாகத்தில் இருப்பவரிடம் இதையெல்லாம் சொல்வது நாகரிகம் இல்லை. பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு எதற்குப் பயம்? முதலில் கையெழுத்து, பிறகு உண்மை. இதில் தப்பே கிடையாது. இன்றைக்கு மட்டும் இதை மூன்று முறை யோசித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

துறைத்தலைவர் ஞானதிரவியம் சார் பிரிவு உபசார விழாக் குழு அமைத்திருக்கிறார். குழு என்றால் அவர் பேசுவார், நான் செய்வேன். மேடை, பேனர், சால்வை, கேக், விழா மலர்.

"மலர்ல முதல் கட்டுரை நீதான் எழுதணும், பிளேவியா. அவரோட பீக் பத்தி. ஒன்னைய விட அதை யாருக்குத் தெரியும்?"

உண்மைதான். என்னைவிட யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 10, வியாழன்

கட்டுரை முடிந்தது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. 'பேராசிரியரின் பீக் இன்றும் ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.' 'அதன் ஆழத்தை முழுதாக அறிந்தவர் சிலரே.' 'நம் ஊர் மண்ணுக்கும் காற்றுக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் பெரும் பங்கு உண்டு.'

ஞானதிரவியம் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காத்துன்னு எழுதுன பாத்தியா, நெஞ்சத் தொட்டுட்டு" என்றார்.

மே 5, திங்கள்

நேற்று கத்திரி தொடங்கியது. இன்று ஏ.சி. செத்தது. மெக்கானிக் வந்து, உதிரிப் பாகம் மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார். சார் ஒரு பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர் மாதிரி நடந்தார். பிறகு உப்பு வில்லைகளைப் பஞ்சில் பொதிந்து டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்து, "வீட்டுல கோமதிட்ட குடு. அரிசி டிரம்முக்குள்ள வைக்கச் சொல்லு. அரிசி ஈரத்த இழுத்துக்கும். ஆட்டோவுல மடியில வச்சுட்டுப் போ" என்றார்.

சாருடைய மனைவி கோமதி அம்மா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டப்பாவை வாங்கிப் பார்த்தார்.

"வீட்டுக்கு ஏ.சி. வாங்குங்கன்னு எத்தன வருஷமா சொல்லுதேன். பொண்டாட்டி வேக்காட்டுல கெடக்கலாம், உப்பு கெடக்கக் கூடாது. சரி, குடும்மா. சோத்துல விழுந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது."

டிரம்முக்குள் வைத்துவிட்டு எனக்கு மோர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காருவாருன்னு நெனைக்கியா நீ?"

"உக்காருவாரும்மா."

"எனக்கும் அப்படித்தான் பயமா இருக்கு."

மே 9, வெள்ளி

பேனர் வந்தது. 'அகச்சிவப்பு நிறமாலையியல் வித்தகர்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். 'அகச்சிரிப்பு நிறமாலையியல் வித்தகர்' என்று அச்சாகியிருக்கிறது. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "மேடம், சிரிப்புன்னா நல்ல வார்த்தைதான? சிவப்புன்னு போட்டா கட்சி பேனர் மாதிரி இருக்கும்" என்றார். மாற்றித் தருகிறாராம். தந்தால் சரி.

மே 12, திங்கள்

கேக்கின் மேல் குற்றாலிங்கம் பீக்கையே கிரீமில் வரைய வேண்டும் என்று ஞானதிரவியம் சார் முடிவு செய்துவிட்டார். வரைபடத்தை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். அந்த அண்ணாச்சி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கீழ விழுந்து கெடக்கு? ஏதும் நஷ்டக் கணக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அது ஒரு கண்டுபிடிப்பு."

"ரிட்டயர்மெண்டுக்கு இப்படிப் பள்ளமா போட்டா நல்லாருக்காதும்மா. அவரு மனசு சங்கடப்படும்லா."

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி பதறிப்போய் ஒரு மக்ரூன் எடுத்துக் கொடுத்தார். அழுகை இல்லை. வெக்கை.

மே 14, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆய்வேட்டுச் சுருக்கத்தைக் காலையில் சாரிடம் கொடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை, உண்மை எழுதத் தைரியம் வரவில்லை. ஆகவே நாலாவது அத்தியாயத்தில் 3690 பற்றி ஒரு சொல்கூட இல்லை. விட்டுவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். பேனாவின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு சார் படித்தார். பேனா மையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலாவது அத்தியாயத்தில் அந்தப் பேனா நின்றது.

"எங்க?"

"எது சார்?"

"என் பீக்கு எங்க?"

மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். புதுப் பாட்டில், ஜன்னல், ஆல்கஹால் இல்லாமல் எடுத்தது, எல்லாம். முடித்தபோது சாருடைய பேனா காய்ந்திருந்தது.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

"மார்ச்ல, சார்."

"மார்ச்லயா? ஏப்ரல்ல நீ மலருக்கு எழுதுன கட்டுரைய நான் படிச்சுட்டு எங்க வீட்டுல வாசிச்சுக் காட்டுனேனே!"

நான் தரையைப் பார்த்தேன். சார் எழுந்தார். "பாட்டிலக் கொண்டா" என்றார். தானே கரைத்தார், தானே ஊற்றினார். ஏ.சி. இல்லாத அறையில் வேர்வை வழிய, இன்னொரு துறையிலிருந்து கடன் வாங்கிய பழைய வில்லைகளை வைத்துத் தானே எடுத்தார். அப்போதுதான் முத்திரை உடைத்த இன்னொரு பாட்டிலில் பள்ளம் இல்லை. திறந்துவைத்த பாட்டிலில் பள்ளம். மறுபடியும் எடுத்தார். அதேதான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

கையெழுத்து போடவில்லை.

மே 15, வியாழன்

சார் வரவில்லை. ஆய்வகம் அமைதியாக இருந்தது. தலையை ஈரத்தோடு பின்னிக்கொண்டு உள்ளே போனேன், யாரும் கேட்கவில்லை. நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

ஒரு வேலையும் நடக்கவில்லை.

மே 17, சனி

சாருடைய கூடையைக் கொடுக்கப் போனேன். கூடைக்காக மட்டும்தான்.

கோமதி அம்மா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "சாப்பிடுதாரு. தூங்குதாரு. பேச மாட்டேங்காரு. டி.வி. சத்தத்தக் கூட்டாதன்னுகூடச் சொல்லல. கல்யாணம் ஆனதுல இருந்து மொத தடவையா வீடு அமைதியா இருக்கு. எனக்குப் பிடிக்கவே இல்ல. என்னம்மா நடந்துச்சு?"

"ஒரு கணக்கு தப்பாப் போச்சும்மா."

"யாரு போட்ட கணக்கு?"

பேச்சை மாற்ற அடுக்களைக்குள் போனேன். இரண்டு நாளைக்கு அரிசி எடுத்துத் தருகிறேன் என்று கோமதி அம்மாவுக்கு உதவ டிரம்மைத் திறந்தேன். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு டிரம்மத் தெறந்து வச்சிருக்கது? மூடு அதை!"

எனக்கு வந்த சந்தோஷத்தில் மூடியை என் விரலோடு சேர்த்து மூடிவிட்டேன்.

மே 19, திங்கள்

நான் போவதற்கு முன்பே சார் வந்திருந்தார். சவரம் செய்யவில்லை. 1993-ல் எடுத்த பழைய வரைபடச் சுருளை மேசை முழுக்க விரித்து, நாலு மூலையிலும் பாட்டில் வைத்திருந்தார். குட்மார்னிங் கிடையாது.

"ஏம்மா, தண்ணி யாரு கையையும் பிடிக்காமத் தனியா இருந்தா பீக் எங்க வரும்?"

"3707, சார்."

"என்னோடது?"

"3690."

"அந்தப் பதினேழு எங்க போச்சு?"

மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். பதினேழுதான்.

"தண்ணி தண்ணின்னு கத்துனியே, பதினேழு எங்க போச்சுன்னு கேட்டியா? நீயும் கேக்கல, நானும் கேக்கல. அந்த ஜெர்மன்காரனும் கேக்கல. தண்ணிக்கு ரெண்டு கை. ஒரு கைய அமீன் பிடிச்சிருக்கு. அதனால சும்மா தொங்குத இன்னொரு கையும் லேசாத் தளந்துபோச்சு. அதான் பதினேழு. நான் பாத்தது வெறும் ஈரம் இல்லட்டி, பிடிபட்ட தண்ணி!"

சார் என்னை 'ட்டி' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்பட மறந்துவிட்டேன்.

"அப்போ கைகோத்தது உண்மை சார்."

"உண்மை. ஆனா மாப்பிள்ளைய மாத்திச் சொல்லிட்டேன்."

அது தண்ணீரின் கைதான் என்று எப்படி நிரூபிப்பது? அவரே சொன்னார். கன நீர். எடை கூடிய ஹைட்ரஜனால் ஆன தண்ணீர். எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும். சாதா தண்ணீருக்குப் பதில் கன நீரைக் கலந்தால், 3690-ல் இருக்கிற பள்ளம் காலி செய்துகொண்டு 2700 பக்கம் குடிபோக வேண்டும். போனால் தண்ணீர். போகாவிட்டால் நாங்கள் இருவரும் முட்டாள்கள். பழைய திட்டம் ஒன்றுக்கு வாங்கிய கன நீரில், வாய் மூடிய சின்னக் குப்பி ஒன்று பாக்கி இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதைத் திறந்தால் அறை காய்ந்து கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் சாதா ஈரம் புகுந்து எல்லாம் கெட்டுவிடும்.

ஏ.சி. இல்லை.

மே 26, திங்கள்

ஏ.சி. இல்லை. சார் மெக்கானிக்குக்குத் தினமும் போன் செய்கிறார். மெக்கானிக் இப்போது எடுப்பதில்லை. என் போனிலிருந்து செய்தால் எடுத்து, சாருடைய குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். கையெழுத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தேன். "குப்பிய எங்க வச்ச?" என்று அவர் கேட்டதும் மறந்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

விழா. தூங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சிறப்பு விருந்தினர் ஒரு முன்னாள் துணைவேந்தர். மேடைக்குப் பிறகு ஆய்வகத்தைப் பார்ப்பார் என்று ஞானதிரவியம் சாருக்கு நேற்றுத்தான் தெரிந்திருக்கிறது. விஞ்ஞானத்துக்காக வராத மெக்கானிக் விருந்தினருக்காகக் காலையிலேயே வந்துவிட்டார். ஏ.சி. ஓடியது. மத்தியானத்துக்குள் அறை காய்ந்து, கையில் வைத்த காகிதம் மொடமொடத்தது.

நான் அரங்கில் நாற்காலிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். பேனரில் 'அகச்சிவப்பு' என்று திருத்தியிருந்தார்கள், 'வித்தகர்' என்பது 'விற்றவர்' ஆகியிருந்தது. ஒரு பூந்தொட்டியை அதன்மேல் வரும்படி நகர்த்தினேன். அப்போது சாரிடமிருந்து போன். "அறை காஞ்சுட்டு. வா."

"சார், நாலு மணிக்கு விழா. உங்க விழா."

"தெரியும். சீக்கிரம் வா."

ஓடினேன். சார் பட்டு வேட்டியில், கழுத்தில் ரோஜா மாலையோடு அறை வாசலில் நின்றார். அரங்க வாசலில் வரவேற்புக் குழு போட்ட மாலையை அப்படியே போட்டுக்கொண்டு தப்பி வந்திருக்கிறார். உள்ளே போகப் போனவரை நான் கை நீட்டித் தடுத்தேன்.

"சார், மாலை. ஈரம்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். மாலையைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

அரிசி டிரம்மிலிருந்து மீண்ட வில்லைகளைப் பொருத்தினேன். சார் குப்பியின் கழுத்தை உடைத்தார். முழங்கையால் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, ஒரு துளியிலும் பாதியை அமீனில் விட்டார். அரங்கிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது: "விழா நாயகர் எங்கிருந்தாலும் மேடைக்கு வருமாறு அன்போடு அழைக்கிறோம்." கருவி வரைய ஆரம்பித்தது. 3690-ஐக் கடக்கும்போது இருவரும் மூச்சு விடவில்லை. கோடு நேராகப் போனது. பள்ளம் இல்லை. சாருடைய உதடு காய்ந்திருந்தது. கோடு போய்க்கொண்டே இருந்தது, நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன், எந்த ஜெபம் என்று இப்போது நினைவில்லை. 2700-க்குப் பக்கத்தில் கோடு ஒரு கணம் தயங்கி, கீழே இறங்கி, ஏறியது.

சார் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்தச் சின்னப் பள்ளத்தை விரலால் தொட்டார். கண்ணாடியில் கை வைக்காதே என்று என்னை எத்தனை முறை திட்டியிருப்பார், அவரே திரையில் கைரேகை பதித்தார். நான் அழுததாகக் கிளீட்டஸ் சொல்கிறார். அவர் அங்கே இல்லை. வீட்டுக்கு வந்தபோது என் கண்மை சொல்லியிருக்கிறது.

ஞானதிரவியம் சார் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். "துணைவேந்தர் மூணு காப்பி குடிச்சுட்டாரு!"

மேடையில் சால்வைகள், புகழுரைகள். எல்லோரும் பீக்கைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் சார் ஏற்புரைக்கு எழுந்தார். பக்கத்து நாற்காலியில் கோமதி அம்மா.

"1993-ல நான் எழுதுனது தப்பு" என்றார்.

அரங்கம் கைதட்டியது.

"இல்ல, நிஜமாவே தப்பு."

இன்னும் பலமாகக் கைதட்டியது. துணைவேந்தர் பக்கத்திலிருந்தவரிடம், "என்ன ஒரு தன்னடக்கம்!" என்றது முதல் வரிசை வரை கேட்டது.

"தன்னடக்கம் இல்ல சார். அது ஆல்கஹால் இல்ல, தண்ணி. கண்டுபிடிச்சது பிளேவியா. அங்க நிக்கால்ல, அவதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையில் கேக் கத்தியோடு நின்றேன். யாரும் கைதட்டவில்லை. ஒருவேளை கத்தி காரணமாக இருக்கலாம்.

சார் விளக்கினார். பதினேழு எங்கே போனது என்று விளக்கினார். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர் உட்கார்ந்ததும், கோமதி அம்மா அவர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். முன்னால் இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"அப்போ நம்ம கல்யாணத்துக்கு மறுநாள், இலஞ்சிக்கு மறுவீடு வராம, எங்கப்பா பந்தல்ல காத்திருக்க, நீங்க லேபுல போயி எடுத்தீங்களே, அதுவா தப்பு?"

அரங்கம் முழுக்கக் கேட்டது. சாருக்கும் அது தெரிந்தது. ஆனாலும் மைக்கை நகர்த்தாமல் பதில் சொன்னார்.

"எடுத்தது தப்பில்ல கோமதி. பேரு வச்சதுதான் தப்பு."

கோமதி அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சரி. மறுவீட்டுக்கு இப்பவாது வாரீங்களா?"

சார் தலையாட்டியதும் எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

கேக்கில் பீக்கை அண்ணாச்சி கோபுரம் மாதிரி மேல்நோக்கி வரைந்திருந்தார், நுனியில் ஒரு செர்ரியும். சார் அதைச் சாப்பிட்டுக்கொண்டே என் ஆய்வேட்டுச் சுருக்கத்தைக் கேட்டார். "நாலாவது அத்தியாயத்துல இன்னைக்கு வந்தத சேத்து எழுது. தலைப்புல 'தண்ணி' வரணும்" என்று சொல்லி, கையெழுத்து போட்டார். தாளில் கிரீம் ஒட்டிக்கொண்டது. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

கையெழுத்து கிடைத்துவிட்டது. இனி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சார் குற்றாலத்திலிருந்து போன் செய்தார். பக்கத்தில் இலஞ்சியில், கோமதி அம்மாவின் அண்ணன் வீட்டில் மறுவீடு தங்கியிருக்கிறார்களாம். சாரல் அடிக்கிறது, அருவியில் தண்ணீர் விழுகிறது. பின்னால் ஒரே இரைச்சல். குளிக்க வரிசையில் நிற்பவர் மாதிரித் தெரியவில்லை, கருத்தரங்கில் இருப்பவர் மாதிரி கத்தினார்.

"பிளேவியா! தண்ணியோட ஒரு கைய அமீன் பிடிக்கு, சரி. ரெண்டு கையையும் ரெண்டு அமீன் பிடிச்சா? செறிவக் கூட்டிப் பாத்தியா?"

"இன்னும் இல்ல சார்."

"ஏன் இல்ல? ஒரு வாரம் என்னத்த செஞ்சுக்கிட்டிருந்த?"

அப்போது போன் கைமாறியது.

"பிளேவியா, நான் கோமதி. எல்லாரும் குளிச்சுட்டுப் போயிட்டாங்க, இவரு துண்டோட நின்னு ஒங்கிட்ட பேசுதாரு. இந்தப் போனை நான் இப்ப அருவியில போடப்போறேன். அவருட்ட முக்கியமா ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுக்கோ."

"முக்கியமா ஒண்ணும் இல்லம்மா. நீங்க குளிங்க" என்றேன்.

பிறகு, அவர் வைப்பதற்குள், "அம்மா, ஒரே ஒரு சந்தேகம் மட்டும்" என்றேன்.